உங்க எலும்பு என்ன தண்ணி குடிக்குது?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சிலரின் பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீங்க. 'சரியா பல் தேய்க்கலை போல'ன்னு நினைச்சுடாதீங்க. இங்குள்ள பாறைகளிலிருந்து கரைந்து, போர்வெல் தண்ணீரில் கலக்கும் ஃபுளோரைடு காரணமாக இருக்கலாம்.

நம் உடம்பில் 206 எலும்புகள். கல் மாதிரி தெரிந்தாலும் எலும்புக்கு உயிர் உண்டு. பழைய எலும்பை ஒருவகை செல்கள் அரிக்க, இன்னொரு வகை செல்கள் புதுசா கட்டிக்கிட்டே இருக்கும். அந்தக் கட்டுமானத்தில் ஃபுளோரைடும் சேர்ந்துவிடும். பல வருஷம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் மூட்டு வலிக்கும், எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் இறுகும், முதுகு வளையாது.

பல் எனாமலைப் புதுப்பிக்க செல்களே கிடையாது. சின்ன வயசில் எனாமல் உருவாகும்போது ஏற்படும் கறை தானாகப் போகாது.

இதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது.

நீங்க செய்ய வேண்டியவை:

* போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது.
* கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.
* குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்க. குட்டீஸ் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்!