பல்கலைக்கழகத்துக்கு முந்திய கணிதம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அது பி.ஏ. பட்டம் வழங்கிய முதல் இருவருமே யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. அவர்களை உருவாக்கியது 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி. அங்கே யூக்கிளிடின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், வானியல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. இந்தியாவிலும் பின்னாளைய பல்கலைக்கழகங்கள் இன்னும் தோன்றவில்லை. நேரில் வந்து பார்த்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கே வைக்கத் தக்க கல்வி இது என்று எழுதினார். நுழைவதற்கு மேலே ஒரு வாசலே இல்லாதபோது இத்தனை கணிதம் எதற்கு? அந்தக் கணிதத்துக்கு ஊரிலேயே வேலை இருந்தது என்பதுதான் விடை. யாழ்ப்பாணத்து உயர்கணிதத்தின் பிற்கால வரலாறு, அந்த வேலை கைநழுவி, சேர்க்கைத் தகுதி ஒன்றே அதன் பயனாகிப்போன வரலாறு என்றே எனக்குப் படுகிறது.

1829 மார்ச்சில் ஒரு சந்திரகிரகணம் வந்தது. அராலியில் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியார் அதற்கு ஒரு கணக்குச் சொன்னார். செமினரியின் அதிபர் டானியேல் பூவர் வேறொரு கணக்குச் சொன்னார். எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், சந்திரனில் எத்தனை பங்கு மறையும் என்பவற்றில் இரண்டும் வேறுபட்டன. வானம் பூவரின் கணக்கைச் சரியென்றது. மிஷனாரிகளின் நோக்கம் சமயம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பஞ்சாங்கம் தவறானால் புராணமும் தவறாகும் என்று காட்ட அவர்கள் விரும்பினார்கள். ஆனால் நோக்கம் எதுவாயினும், மாணவன் படித்த திரிகோணகணிதம் அவன் முற்றத்துக்கு மேலேயே ஊரார் அனைவரும் பார்க்கச் சோதிக்கப்பட்டது. பூவருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன் தமிழ் வானியல் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் அச்சிட்டார். வெல்ல வந்தவர்கள் எதிராளியின் கணக்கை ஊன்றிப் படிக்கவும் நேர்ந்தது.

மிஷனாரிகள் வருமுன்பே இங்கே கணிதம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, அதைச் சிறிதாக்கிப் பேசுவது நியாயமன்று. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் கிரகணத்தைக் கணித்ததை ஐரோப்பிய ஆய்வாளர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் அவருக்கு வந்த பிழை சில நிமிடங்களே. ஆயினும் அது தொழில்முறையாகக் கைமாறிய வித்தை. விதி ஏன் பலிக்கிறது என்று கேட்பதை அது வேண்டவில்லை. செமினரி அந்தக் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுவந்தது. அங்கே படித்த விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் ஓர் அட்சரகணித நூலை வெளியிட்டார். அந்த நூலையே நான் வலுவான சான்றாகக் கொள்கிறேன். ஆங்கிலம் அறிந்த ஒருவர் தமிழில் அட்சரகணிதம் எழுதியது உத்தியோகத்துக்காக இருக்க முடியாது.

உத்தியோக ஆசை அப்போதே இருந்ததல்லவா என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. ஆம், இருந்தது. படித்தவர்கள் திருச்சபைப் பணிக்கு வராமல் அரசாங்க வேலைக்குப் போகிறார்கள் என்ற மனக்குறை, 1855இல் மிஷன் செமினரியை மூடியதற்கான காரணங்களில் ஒன்று. ஆனால் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்து எழுத்தருக்கு வேண்டியது ஆங்கிலமும் கூட்டல் கழித்தலுமே. திரிகோணகணிதத்தை எந்தக் கச்சேரியும் கேட்கவில்லை. கணிதமே வாசலானது பின்னாளில். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. பின்னர் உயர்தரப் பரீட்சையில் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய நான்கும் பொறியியல் பீடத்துக்கு வழியாயின. நானூறு புள்ளிகளில் எத்தனை என்பதே கேள்வியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்தில் நுழையத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவருக்கு 227 புள்ளிகளும் வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பின்னர் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டும் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அநீதியின் காயம் ஆழமானது. அதோடு அது ஒரு தலைமுறைக்குக் கணிதத்தைப் புள்ளிகளாகவே காணவும் கற்பித்தது.

அந்த வாசல் ஏழைப் பிள்ளைகளையும் பொறியியலாளர் ஆக்கியது. அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இழப்பையும் சொல்ல வேண்டும். சாதாரண தரம் முடித்துக் கணிதத்தை நாடும் பிள்ளை இன்று தேர்வது கணிதத்தையன்று, கணிதப் பிரிவை. அந்தப் பிரிவு எந்தப் பீடத்துக்குக் கொண்டுபோகும் என்பதே வீட்டில் நடக்கும் பேச்சு. தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதம் என்ற ஒரே பாடமாகச் சுருங்கியபோது, எறிபொருளும் உராய்வும் கடந்தகால வினாத்தாள்களின் வழியாகவே டியூட்டறிகளில் பயிலப்பட்டன. கிரகணம் எப்போது தொடங்கும் என்று தானே கணித்து, அதை வானத்தில் ஒத்துப்பார்க்கும் பயிற்சிக்கு அந்த வினாத்தாள்களில் இடமில்லை. அதற்கு வேண்டிய திரிகோணகணிதம் பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கிறது.