சேர் சிக்கந்தர் ஹயாத் கானும் பஞ்சாப் அரசியலும்

பிரித்தானிய இந்தியாவின் படைக்குப் பெருந்தொகையான வீரரை அளித்த மாகாணம் பஞ்சாப். அங்கே நிலமும் படைச்சேவையும் அரசியலும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. ஓய்வுபெற்ற வீரர் பலர் கால்வாய்க் குடியேற்றங்களில் நிலம் பெற்றனர்; நிலமுடையோரின் சொல்லே சட்டசபையில் ஓங்கி ஒலித்தது.

இம்மண்ணின் மைந்தரே சேர் சிக்கந்தர் ஹயாத் கான். 1892ஆம் ஆண்டு முல்தானிற் பிறந்த இவர், அலிகாரிற் கற்று, மருத்துவம் பயில இலண்டன் சென்று, படிப்பு நிறைவுறுமுன்னரே தாயகம் மீண்டார். முதலாம் உலகப் போரிலும், 1919இல் மூண்ட மூன்றாம் ஆப்கானியப் போரிலும் படையதிகாரியாகப் பணிபுரிந்தார். அதன்பின் அரசியலிற் புகுந்தவரின் ஏற்றம் விரைவானது. 1930இல் வருவாய்த்துறை உறுப்பினரானார். 1932இலும் 1934இலும் பதில் தேசாதிபதியாகக் கடமையாற்றினார். 1935இல் புதிதாய்த் தோன்றிய இந்திய றிசேவ் வங்கியின் துணை ஆளுநருமானார்.

1936இல் சேர் பசுலி ஹுசைன் மறையவே, யூனியனிஸ்ட் கட்சியின் தலைமை இவரை வந்தடைந்தது. முஸ்லிம், இந்து, சீக்கிய வேளாண் மக்களை ஒருங்கிணைத்த கட்சி அது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் 175 இடங்கள் கொண்ட சபையில் அக்கட்சி பெரும்பான்மை பெற்றது. முஸ்லிம் லீக்கிற்குக் கிட்டியவை இரண்டே. முதலமைச்சரான சிக்கந்தர், சேர் சோட்டு ராம் முதலிய இந்துத் தலைவரையும் சீக்கியரையும் அமைச்சிற் சேர்த்துக்கொண்டார். 1901 ஆனி 8ஆந் திகதிக்கு முன் ஈடுவைக்கப்பட்ட நிலங்களை உரியோர்க்கு மீட்டளிக்கும் சட்டம் 1938இல் நிறைவேறியது. வட்டிக்குக் கொடுப்போரைப் பதிவுசெய்யும் சட்டமும் உடன் வந்தது. நகர வணிகர் இவற்றைக் கடுமையாக எதிர்த்தனர், கிராமத்தவரோ போற்றினர்.

இத்துணை வலிமை பெற்றிருந்தவர், 1937 ஐப்பசியில் இலக்னோவில் ஜின்னாவுடன் உடன்படிக்கை செய்தது ஏன்? காங்கிரசின் வளர்ச்சி குறித்த அச்சமும், அகில இந்திய அரங்கில் துணையொன்று வேண்டும் என்ற எண்ணமுமே காரணமெனலாம். தம் கட்சி முஸ்லிம் உறுப்பினரை லீக்கிற் சேருமாறு தூண்ட அவர் இசைந்தார். ஆயினும் மாகாணக் கூட்டாட்சியும் யூனியனிஸ்ட் என்ற பெயரும் நிலைபெறும் என்பதும் அதிலடங்கியிருந்தது. இரு தரப்பாரும் தத்தமக்கேற்பப் பொருள்கொள்ள அவ்வுடன்படிக்கை இடமளித்தது. விதையிட்டவர் சிக்கந்தர், விளைவை அறுத்தவர் ஜின்னா.

பிரிவினையை அவர் விரும்பினாரல்லர். 1939இல் இந்தியாவை ஏழு வலயங்களாக வகுத்து, தளர்ந்த கூட்டாட்சியாக்கும் திட்டமொன்றை வெளியிட்டார். 1940 பங்குனியில் லீக்கின் மாநாடு இலாகூரிற் கூடவிருந்த வேளையில், காக்சார் இயக்கத்தினர் மீது பொலிசார் சுட்டதில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். பழி முதலமைச்சர் மேல் விழுந்தது. மாநாட்டுத் தீர்மானத்தின் மூலவரைவு தம்முடையதேயென்றும், மத்திய இணைப்புப் பற்றிய பகுதியை லீக்கின் செயற்குழு நீக்கிவிட்டதென்றும் மறு ஆண்டு சட்டசபையில் எடுத்துரைத்தார். ஆயின், அதனை எதிர்த்து லீக்கை விட்டு விலகினாரோவெனில், இல்லை.

போர்க்காலத்தில் படைக்கு ஆள் திரட்டுவதில் அவர் காட்டிய ஊக்கம் பெரிது. பழைய படையதிகாரிக்கு அது இயல்பேயாம். எனினும், 1941இல் அரசப்பிரதிநிதி அமைத்த பாதுகாப்புச் சபையிலிருந்து விலகுமாறு ஜின்னா பணித்தபோது அவர் பணிந்தார். பஞ்சாபின் முதலமைச்சர் பம்பாயிலிருந்து வந்த ஆணைக்கு இணங்கியதை மாகாணம் கண்டது.

1942 மார்கழியில், ஐம்பதாம் வயதில், திடீரெனக் காலமானார். இலாகூர்ப் பாத்சாகி மசூதியின் படிகளருகே அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அடுத்து வந்த கிசர் ஹயாத் திவானாவும் படைச்சேவை கண்டவரே. அவர் 1944இல் ஜின்னாவின் பணிப்பை மறுத்தார், லீக்கிலிருந்து நீக்கப்பட்டார், 1947 பங்குனி 2ஆந் திகதி பதவி துறந்தார். அவ்வாண்டு ஆவணியிற் பஞ்சாப் இரண்டாயிற்று.