எழுவான்கரையும் படுவான்கரையும்: வீடிழப்பின் வரலாறு

மட்டக்களப்பு வாவி, கடலை ஒட்டிய எழுவான்கரையையும், அதாவது சூரியன் எழும் பக்கத்தையும், வயல்கள் விரிந்த மேற்குப் படுவான்கரையையும் பிரித்துக் கிடப்பதால், ஒரு கரையில் வீடிழந்தோர் மறுகரையில் தஞ்சம் புகுவது இங்கு பழகிப்போன துயரமாகும். 1978 நவம்பர்ச் சூறாவளி இரு கரைகளின் கூரைகளையும் ஒருங்கே பெயர்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடி, கல்லடி ஆகிய ஊர்களைச் சிதைத்த பின்னர், கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டுவதைத் தடுக்கும் இடைத்தாங்கல் வலயம் தெற்கில் 100 மீற்றர் எனவும் வடகிழக்கில் 200 மீற்றர் எனவும் வகுக்கப்பட்டது. ஒரே அலைக்கு இரண்டு அளவுகோல்கள் வைத்ததை நியாயப்படுத்துவது கடினம். நிவாரணத்தைப் பகிர்வதற்காக 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பின் முக்கிய கூறுகளுக்கு உயர் நீதிமன்றம் ஜூலை 15இல் இடைக்காலத் தடை விதித்தது.

2007 மார்ச்சில் போர் படுவான்கரைக்குப் பரவியபோது பல்லாயிரம் குடும்பங்கள் வாவியைக் கடந்து, பாடசாலைகளிலும், அரச மொழியில் 'நலன்புரி நிலையம்' எனப்பட்ட, நலனுக்கும் புரிதலுக்கும் தொலைவான கூடாரங்களிலும் ஒதுங்கின. ஜூலை 11இல் அரச படைகள் புலிகளிடமிருந்து கைப்பற்றிய மலையைத் தமிழர் குடும்பிமலை என்றழைக்க, தென்னிலங்கை ஊடகங்கள் தொப்பிகலை என்றே எழுதின. செய்தியின் மையமும் அகதியிலிருந்து வெற்றிக்கு நகர்ந்தது. ஜூலை 19இல் கொழும்பில் கிழக்கின் விடுவிப்பு விழாவாகக் கொண்டாடப்பட்டபோது, மட்டக்களப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் முகாம்களிலேயே இருந்தன.