வெட்கம்: எது நல்லது, எது தீயது?

வெட்கம், நாணம், கூச்சம் என்ற சொற்களை நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். மணப்பெண்ணுக்கு வருவதும் வெட்கம். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் வருவதும் வெட்கம். திருக்குறள் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. தகாத செயலுக்குக் கூசுவதே நாணம், பெண்களின் நாணம் வேறு வகை என்றுதான் 'நாணுடைமை' என்னும் 102-ஆம் அதிகாரம் தொடங்குகிறது.

திருவிவிலியத்திலும் இச்சொல்லுக்குப் பொருள் ஒன்றல்ல. தாம் வெட்கமுறாதபடி காக்குமாறு ஆண்டவரிடம் மன்றாடும் இடங்கள் திருப்பாடல்களில் பல உண்டு. அங்கே வரும் 'போஷ்' என்ற எபிரேயச் சொல், நம்பியது கைவிட்டதால் பிறர்முன் தலைகுனிவதைக் குறிக்கும். உரோ 5:5-இல் எதிர்நோக்கைப் பற்றிப் பவுலடியார் எழுதிய கிரேக்க வினையும் 'வெட்கப்படுத்துதல்' என்பதே. நம் பொது மொழிபெயர்ப்பு அதை 'ஏமாற்றம்' என்று பெயர்த்திருப்பது மிகப் பொருத்தம்.

பாவத்திற்கு இட்டுச்செல்லும் வெட்கமும் உண்டு, மாட்சி தரும் வெட்கமும் உண்டு என்கிறது சீராக்கின் ஞானம் (சீஞா 4:21). எதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று 41, 42-ஆம் அதிகாரங்களில் ஒரு பட்டியலே உள்ளது. தராசையும் எடைக்கற்களையும் சரியாக வைத்திருக்க வெட்கப்படாதே என்பதும் அதில் ஒன்று. சரியாக எடை போடுபவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சிரித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள் போலும்!

நம் பங்குகளில் ஒரே ஒரு பாவத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடாதவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருவார்கள். நற்கருணை வாங்காமல் கடைசி வரிசையிலேயே நின்றுவிடுவார்கள். சிறிது வெட்கப்படுவது நல்லதே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2014 பிப்ரவரி 19 அன்று தமது புதன் மறைக்கல்வி உரையில் கூறினார். தூய இஞ்ஞாசியாரும் 'ஆன்மப் பயிற்சிகள்' நூலின் முதல் தியானத்தில், தம் பாவங்களுக்காக வெட்கப்படும் அருளைக் கேட்கச் சொல்கிறார். பாவம் செய்யுமுன் நம்மைத் தடுக்க வேண்டிய வெட்கம், செய்தபின் வாயை அடைப்பதுதான் ஆபத்து.

பங்குத்தந்தை நம்மை நன்கு அறிந்தவர் என்று கூச்சமா? வேறு பங்கிலோ திருத்தலத்திலோ பாவசங்கீர்த்தனம் செய்யலாம். முகம் காட்ட விரும்பாதவர்களுக்காகத் தட்டி வைத்த தொட்டி இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 964 கூறுகிறது. கேட்டதைக் குரு எக்காரணத்திற்காகவும் வெளியிடக்கூடாது என்கிறது சட்டம் 983. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், "சாமி, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்றே தொடங்கலாம்.