மாட்டின் நிறமும் மறையும்

மாட்டின் உடல் நிறத்தையும் அதன்மேல் காணும் திட்டுகளையும் குறிக்கத் தமிழில் தனிச்சொற்கள் உள்ளன. சாம்பல் நிற மாடு மயிலை, கறுத்தது காரி, சிவந்தது செவலை. வெள்ளைத் திட்டுகள் கலந்திருந்தால் மறை. அது சிவப்பில் அமைந்தால் செம்மறை, கறுப்பில் அமைந்தால் கருமறை. நெற்றியில் மட்டும் வெள்ளை இருந்தால் சுட்டி. காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை மாட்டும் வழக்கம் வருவதற்கு முன், காணாமற்போன மாட்டைத் தேட இச்சொற்களே உதவின. கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது, கல்வராயன் மலையிலிருந்து வந்து படித்த மாணவனிடம் வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லமாட்டான். "காது கறுத்த செவலை, வால் வெளுத்த காரி..." என்று தொடங்கிவிடுவான்.

இது பழைய வழக்கமே. மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களுள் பல, ஆநிரைப் பூசலில் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. அவற்றின் கல்வெட்டுகள் மாட்டு மந்தையைத் 'தொறு' என்கின்றன. மீட்டு வந்த தொறுவில் எந்த மாடு எவருடையது என்று பிரிக்க நிறமும் மறையுமே கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கலித்தொகையின் முல்லைக்கலியும் ஏறுகளை நிறம் சொல்லியே களத்தில் இறக்குகிறது. அங்கே கால் வெளுத்த காரி ஒன்று, மலைச்சரிவில் அருவி இறங்குவது போல் இருக்கிறது.

கால் வெளுத்த மாட்டை இன்றும் காவிரிப் படுகையில் பார்க்கலாம். நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளாச்சேரி மாட்டுக்கு நெற்றியில் சுட்டியும், கால்களின் கீழ்ப்பகுதியிலும் வாலிலும் வெள்ளையும் உண்டு. நிறமி தரும் உயிரணுக்கள், கரு வளரும்போது முதுகுப்புறத்தில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. நெற்றி, வயிறு, கால், வால்நுனி ஆகியவை அவற்றின் பயணத்தில் கடைசி இடங்கள். அவை போய்ச் சேராத இடத்தில் மயிர் வெள்ளையாகவே நின்றுவிடும். உலகெங்கும் மாடு, குதிரை, நாய் எல்லாவற்றிலும் வெள்ளை பெரும்பாலும் இதே இடங்களில் விழுவது இதனால்தான்.

உம்பளாச்சேரிக் கன்றும் காங்கேயம் கன்றும் பிறக்கும்போது சிவந்திருக்கும். ஆறு மாத அளவில் சாம்பலாக மாறும். காங்கேயம் பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் கறுக்கும். காயடித்த எருதுக்கு அவ்வளவு கருமை இராது. ஆண்மைச் சுரப்பும் நிறத்தில் கைவைக்கிறது என்பதை விஞ்ஞானம் சொல்வதற்கு முன்பே உழவர் கண்டுகொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் நிறத்துக்கு வேறு வேலை வந்தது. லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடை நூல் போன்றவை ஒவ்வோர் இனத்துக்கும் உருவ இலக்கணம் எழுதின. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைமாட்டுக்குச் செம்மறையே அடையாளம் ஆயிற்று. கருஞ்சாம்பலில் வெள்ளைக் குறிகள் கொண்டது ஆலம்பாடி. இலக்கணம் இனத்தைக் காப்பாற்ற உதவியது உண்மை. ஆனால் ஒரே நிறத்தில் அடங்காத மாடுகளுக்கு அதில் இடமில்லை.

கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் வளர்க்கும் சிறிய நாட்டு மாடுகள் இப்படித்தான் வெளியே நிற்கின்றன. ஒரே பட்டியில் செவலை, காரி, மறை, புள்ளி எல்லாம் இருக்கும். சரிவில் உழவும், கிடைத்ததைத் தின்று பிழைக்கவும் பழகியவை இவை. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம் எனத் தமிழ்நாட்டு இனங்களின் பட்டியலில் கல்வராயன் பெயர் இல்லை. பொதுவாக 'இனம் சுட்டப்படாதவை' என்ற தலைப்பில் சேர்ந்துவிடும். பட்டியலில் பெயர் இல்லாத மாடு குறைந்தாலும், எது குறைந்தது என்று எந்தக் கணக்கும் தனியே காட்டாது.

அடிவார ஊர்களில் இப்போது பால் ஊற்றுவது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புப் பசுக்கள். ஊரார் அவற்றைச் 'சீமை மாடு' என்பர். நிறத்தை யாரும் கேட்பதில்லை; கறவை எத்தனை லிட்டர் என்பதே கேள்வி. மயிலை, காரி, மறை ஆகிய சொற்கள் ஜல்லிக்கட்டு வாடிவாசல்களில் மட்டும் இன்னும் உரக்க ஒலிக்கின்றன.