அரசுடைமையும் பொதுவுடைமையும்: கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தொழில் நிறுவனங்களை அரசு தன் உடைமையாக்கிக்கொள்வதே சமதர்மம் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. 1955-இல் ஆவடிக் காங்கிரசு மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்த பின்னர் இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மும்பைக் கிங்ஸ் சர்க்கிளையும் அதனை அடுத்துள்ள பகுதிகளையும் களமாகக் கொண்டு இக்கருத்தின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

அரசுடைமை என்பது உரிமையாளர் யார் என்பதைச் சுட்டும் சொல். பொதுவுடைமை என்பது பயனும் அதிகாரமும் அனைவர்க்கும் உரியனவாதலைச் சுட்டுவது. நாட்டுடைமை என்னும் சொல் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறது. பாரதியின் படைப்புகளை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது; அவற்றை எவரும் அச்சிடலாம் என்றாயிற்று. 1969-இல் 14 வங்கிகளும் நாட்டுடைமையாயின. ஆயின் அவற்றை ஆளும் அதிகாரம் அரசோடு நின்றுவிட்டது. ஒரே சொல் இரு வேறு நிலைகளைக் குறித்தமை நோக்கத்தக்கது.

வரலாற்றுச் சான்றுகள்

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலுள்ள மாட்டுங்கா இரயில்வே பணிமனை 1915-இல் ஜி.ஐ.பி. இரயில்வேக்காக அமைக்கப்பட்டது. 1925-இல் அந்த இரயில்வேயின் நிருவாகத்தை ஆங்கிலேய அரசு ஏற்றுக்கொண்டது. குடியேற்ற அரசின் இச்செயலைச் சமதர்மம் என எவரும் கூறார். செர்மனியில் பிஸ்மார்க் மேற்கொண்ட அரசுடைமையைப் போலிச் சமதர்மம் என எங்கெல்சு முன்னரே கண்டித்திருந்தமையும் ஈண்டு நினையத்தக்கது.

விடுதலைக்குப் பின் நிலை மாறியதா என்பது அடுத்த வினா. செம்பூரை அடுத்த மாகுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1976-இல் பர்மா ஷெல்லிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. இலாபம் அயல்நாட்டு நிறுவனத்திற்குச் செல்லும் நிலை நீங்கியது. பொதுத்துறையில் இட ஒதுக்கீடு ஒடுக்கப்பட்டோர்க்கு வேலைவாய்ப்பைத் திறந்தது. இப்பயன்களைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

எனினும் மறுபுறமும் உண்டு. நலிவுற்ற 103 நூற்பு, நெசவு ஆலைகள் நாட்டுடைமையாக்கப்பட்ட 1974-ஆம் ஆண்டிலேயே, நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தத்தை அரசு தன் தொழிலாளரையே சிறைப்படுத்தி ஒடுக்கியது. 1982-இல் தத்தா சாமந்த் தலைமையில் மும்பை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மறு ஆண்டில் 13 ஆலைகளின் நிருவாகத்தை அரசு ஏற்றது. 1995-இல் அவை நாட்டுடைமையாயின. அவற்றுள் ஒன்றான தாதர்ப் பகுதிக் கோகினூர் ஆலை எண் 3-இன் நிலத்தைத் தேசிய நெசவாலைக் கழகம் 2005-இல் 421 கோடி ரூபாய்க்குத் தனியாருக்கு விற்றது. விற்கும் உரிமை கழகத்திற்கு இருந்தது. தலைமுறையாக அங்கு உழைத்தோர் உரிமையாளராகக் கருதப்படவில்லை.

முடிவுரை

இச்சான்றுகளால், அரசுடைமை ஒரு கருவி என்பதும் அதுவே சமதர்மம் ஆகாது என்பதும் பெறப்படுகின்றன. முடிவெடுப்போர் யார், பயன் பெறுவோர் யார், இழப்பைச் சுமப்போர் யார் என்னும் மூன்று வினாக்களுக்குரிய விடையே சமதர்மத்தின் அளவுகோலாகும். அரசியலமைப்பின் முகப்புரையில் சமதர்மம் என்னும் கருத்தைச் சேர்த்த 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தமே, நிருவாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை வலியுறுத்தும் 43-அ பிரிவையும் சேர்த்தது. உடைமை மட்டும் போதாது என்பதை அத்திருத்தம் உணர்ந்திருந்தது எனலாம். அப்பிரிவு நீதிமன்றத்தின்வழிக் கட்டாயப்படுத்த இயலாத வழிகாட்டு நெறியாகவே இன்றும் இருக்கிறது. அரசுடைமைக்கும் பொதுவுடைமைக்கும் இடையிலுள்ள தொலைவு அதுவேயாகும்.