குழந்தை நலச் செவிலியக் கல்வியும் நம் மண்ணின் வரலாறும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வெளியானவுடன், நம் தெருக்களிலிருந்து பள்ளிக்கு வரும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பொண்ணு பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா. ஷூ கம்பெனிக்கு அனுப்பறதா, நர்சுக்குப் படிக்க வைக்கறதா?" என்பதே அது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்விடையின் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி, ஜோலார்பேட்டையில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் தொலைவிலேயே நடந்தது. அதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்னும் எண்ணத்தால், நமது கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இதனை எழுதுகின்றோம்.

தீட்டென ஒதுக்கப்பட்ட பணி

நோயாளியின் உடலைத் துடைத்தல், கழிவை அகற்றுதல், பிறந்த குழந்தையின் கொப்பூழ்க் கொடியை அறுத்தல், நஞ்சுக்கொடியைப் புதைத்தல் ஆகிய யாவும் நம் நாட்டில் தீட்டுக்குரிய செயல்களாகக் கருதப்பட்டு வந்தன. ஆகவே அவை தாழ்ந்தவர் எனப்பட்டோர் தலையில் சுமத்தப்பட்டன. நம் சேரிகளில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் நம் பாட்டிமார்களே. எழுத்தறியாத அவர்கள் கைப்பழக்கத்தாலும் பரிவாலும் எத்தனையோ உயிர்களைக் காத்தனர். எனினும் அவர்கள் கைக்கு ஊர் கொடுத்த பெயர் தீட்டு என்பதே. காத்த கைக்குக் கூலி சில படி நெல், மரியாதையோ ஒன்றுமில்லை.

ஐரோப்பிய மருத்துவம் இங்கு வேரூன்றியபோது இப்பணி ஒரு பயிற்சியாக மாறத் தொடங்கிற்று. சென்னையில் 1844ஆம் ஆண்டு பிரசவ மருத்துவமனை ஏற்பட்டது. 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்க அரசு இசைந்தது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. தொடக்கக் காலத்தில் அதற்கு முன்வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும் ஆவர். சாதி இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பத் தயங்கின. பிறர் உடலைத் தொடுவதும், இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்குவதும் குலத்துக்கு இழுக்கென அவர்கள் எண்ணினர்.

இத்தயக்கத்தின் விலையை நாடு முழுவதும் செலுத்த நேர்ந்தது. சுகாதார நிலையை ஆராய அமைக்கப்பட்ட போர் குழு 1946இல் அறிக்கை அளித்தபோது, இந்தியா முழுமைக்கும் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர் மட்டுமே. அதாவது 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர். இந்நிலையில் முதலில் மடிந்தவர்கள் தாய்மாரும் குழந்தைகளும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வேலூரில் நடந்தது

நம் பகுதியில் இவ்வரலாற்றைத் திருப்பிய பெருமை டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைச் சாரும். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தபோது ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் தவித்துக் கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். ஐடாவோ அப்போது மருத்துவம் கற்றவரல்லர். பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் உயிரோடில்லை. ஊரின் கட்டுப்பாடு நம்மை மட்டுமே வருத்தியது என்று நினைக்கிறோம். அது தன்னைப் போற்றியவர் வீட்டுப் பெண்களையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பிய ஐடா அம்மையார், வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்து பயனில்லை, அருகிருந்து காப்பவரும் வேண்டும் என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1909இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியோ 1918இல்தான் தோன்றிற்று. வேலூரில் மருத்துவம் கற்பிக்கப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியம் கற்பிக்கப்பட்டது என்னும் உண்மையை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும். செவிலியம் மருத்துவத்தின் எச்சமன்று. அதன் முன்னோடி எனலாம்.

1920களில் ஆம்பூரில் லுத்தரன் சபையார் பெதஸ்தா மருத்துவமனையை நிறுவினர். நம் திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் ஜேசுதாசன், டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன் ஆகிய இருவரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தோற்றுவித்து மருத்துவப் பணி ஆற்றினர். இவ்வாறு தோல் தொழிலும் வேளாண் கூலியுமே வாழ்வாயிருந்த நம் மக்களுக்குச் சிகிச்சை எட்டும் தொலைவில் வந்தது.

ஆயினும் பெருந்திருப்பம் 1946ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு வேலூர்ச் செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன் பி.எஸ்ஸி. செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் டெல்லியிலும் ஒரு செவிலியர் கல்லூரி ஏற்பட்டது. இந்தியாவில் செவிலியப் பட்டம் முதன்முதலாகக் கற்பிக்கப்பட்ட இடங்கள் இவ்விரண்டுமே. தீட்டெனத் தள்ளப்பட்ட பணி பல்கலைக்கழகப் படிக்கட்டில் ஏறிற்று. அதுவும் நம் மாவட்டத்தில், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்பே ஏறிற்று. 1960களின் இறுதியில் அங்கே முதுகலைப் படிப்பும் வந்தது.

குழந்தைக்கெனத் தனிக் கல்வி

செவிலியத்துள்ளும் குழந்தைகளுக்கெனத் தனிக் கல்வி எதற்கு என்று சிலர் வினவலாம். பெரியவருக்குச் செய்வதைச் சிறிய அளவில் செய்தால் போதாதா? போதாது என்பதை உலகம் உணரவே நெடுங்காலம் ஆயிற்று. லண்டனில் டாக்டர் சார்லஸ் வெஸ்ட் என்பார் 1852இல் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 10 படுக்கைகளுடன் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தார். நோயுற்ற குழந்தையைக் காப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்த அவர், 1854இல் செவிலியருக்கென்றே ஒரு நூலும் எழுதினார். இன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் குழந்தைச் செவிலியம், இளங்கலை நிலையிலேயே தனிக் கிளையாகக் கற்பிக்கப்படுகிறது. நம் நாட்டிலோ நான்காண்டு பி.எஸ்ஸி. படிப்பின் மூன்றாம் ஆண்டில் அனைவரும் குழந்தை நலச் செவிலியத்தைக் கற்கின்றனர். பின்னர் விரும்புவோர் எம்.எஸ்ஸி.யில் அதையே சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே கற்பது யாது? குழந்தைக்குத் தன் நோவைச் சொல்லத் தெரியாது. ஆகவே செவிலியர் அதன் உடலைப் படிக்கக் கற்கிறார். இருமலும் சளியும் உள்ள குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு அது 60ஐ எட்டினாலும், ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50ஐ எட்டினாலும், ஐந்தாண்டுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 40ஐ எட்டினாலும் அபாயம் நெருங்கிற்று என்று பொருள். மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்பக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு ஏறிவிடும். குறைமாதக் குழந்தை நோயால் மட்டுமன்றிக் குளிராலும் இறக்கக்கூடும். அதனைத் தாயின் மார்போடு அணைத்துக் காக்கும் முறையைத் தாய்க்குக் கற்பிக்க வேண்டும். ஆக, கணக்கும் உயிரியலும் உளவியலும் ஒருங்கே வேண்டிய கல்வி இது. வெறும் பரிவு போதுமாயின் நம் பாட்டிமார்கள் ஒரு குழந்தையையும் இழந்திருக்க மாட்டார்கள்.

அருகிருந்து காப்பவரின் கைக்கு எத்தகைய ஆற்றல் உண்டு என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லைப்புற ஊராகிய பாங்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி வைத்து, நோயாளியின் உறவினர்களே குவளை குவளையாக ஊட்டுமாறு செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் ஊர் மருந்துக் கடையிலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை உலகமே ஏற்பதற்கு வழிசெய்த நிகழ்ச்சி இது. அதே வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதிக்கப்பெற்று, 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வேலூரின் ஏழைத் தெருக்களில் குழந்தைகளைப் பிறந்தநாள் முதல் தொடர்ந்து கவனித்துப் பெற்ற அறிவும் இத்துறைக்குத் துணைநின்றது.

1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அது 28 ஆயிற்று. தமிழகத்தில் 13 ஆயிற்று. இவ்வெண்கள் தாமே குறையவில்லை. எண்ணிறந்த கைகள் குறைத்தன.

எந்த வாயில் வழியே?

இக்கைகளுள் நம்முடையவையும் இருந்தன. ஆனால் பெரும்பாலும் பின்வாயில் வழியே சென்ற கைகள் அவை. ஆயாவாகவும் துப்புரவுப் பணியாளராகவும் மருத்துவமனைகளில் உழைத்த நம் தாய்மார் எத்தனை பேர்! அவ்வுழைப்பை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் அதே வளாகத்தில் பட்டம் பெற்றுப் பதிவேட்டில் பெயர் எழுதி முன்வாயில் வழியே நுழையும் உரிமையும் நம் மக்களுக்கு உண்டு என்கிறோம். பள்ளியிறுதிக்குப் பிற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் நம் மக்களுக்கெனத் தொடங்கப்பட்டது. வேலூரில் பட்டப்படிப்பு வந்தது அதற்கு ஈராண்டு கழித்து. ஆக, கதவும் சாவியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்யப்பட்டன. இரண்டையும் நாம் சேர்த்துப் பயன்படுத்தினோமா என்பதே கேள்வி.

இங்கு நம் குற்றம் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்திக்குச் செவிலியராக வேண்டும் என்பது பேராசை. அவள் தாய் ஷூ கம்பெனி வேனில் விடியற்காலையில் போய் இருட்டியபின் திரும்புபவர். பத்தாம் வகுப்பு முடிந்து பிரிவு தேர்ந்தெடுக்கும்போது, செவிலியப் பட்டத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல நாம் தவறிவிட்டோம். அவள் எளிதென்று வேறு பிரிவில் சேர்ந்தாள். பின்னர் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டி ஓராண்டு படித்துச் சான்றிதழ் பெற்றாள். அந்நிலையத்துக்கு எந்த அங்கீகாரமும் இல்லை என்பது வேலை தேடியபோதுதான் தெரிந்தது. இன்று அவள் வெள்ளைச் சீருடை அணிகிறாள். ஆனால் பதிவு இல்லை, செவிலியருக்குரிய ஊதியமும் இல்லை. அவளைக் காணும்போதெல்லாம் நம் தலை தாழ்கிறது.

ஆகவே பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் நாம் கூறுவது இது. பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே இது பற்றி முடிவு செய்யுங்கள். பிளஸ் டூ முடிந்தபின் வந்து கேட்பது காலங்கடந்த கேள்வி. சேரும் கல்லூரிக்கு இந்தியச் செவிலியர் மன்றம், தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றம் ஆகியவற்றின் அங்கீகாரமும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உள்ளனவா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே பெற்று வையுங்கள். ஆண்பிள்ளைகளும் இப்படிப்பில் சேரலாம். இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. கழகத்தின் உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் சென்று இச்செய்திகளைச் சொல்ல இருவரையேனும் நியமியுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் சிம்னி விளக்கொளியில் குழந்தைகளை ஏந்தினர். அந்தக் கைகளின் பேத்திகள் பட்டத்துடன் அதே பணியைச் செய்ய வேண்டும். நம் கழகம் பொன்விழாக் கொண்டாடும்போது, இப்பொருள் பற்றிய கட்டுரையை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எவரும் எழுத வேண்டாம். நம் தெருவில் பிறந்து குழந்தை நலச் செவிலியத்தில் பட்டம் பெற்ற ஒருவரே எழுதட்டும்.